சட்டமாகும் முன்பே படியுங்கள்!

(வணிகர்கள் – இளைஞர்கள் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

வருமான வரிச் சட்டத்தைப் பற்றிப் பேச ஓர் ஆலிமை ஏன் அழைத்தார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். நியாயமான கேள்விதான். நான் மத்ரஸாவில் ஓதியவன்; ஆடிட்டர் படிப்புப் படித்தவன் அல்ல. இன்று நான் சொல்லப் போகும் சட்ட விவரங்கள் ஆடிட்டர்களிடமும் வரி வழக்கறிஞர்களிடமும் கேட்டுத் தெரிந்து கொண்டவை. ஆனால் அந்த விவரங்களை வைத்து நான் போடும் அரசியல் கணக்கு என்னுடையது. அதில் உங்களுக்கு மாறுபாடு இருந்தால் கூட்டம் முடிந்ததும் தாராளமாகக் கேளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பள்ளிவாசல் உண்டியலில் நூறு ரூபாய் போடுகிறீர்கள். பெயரையும் முகவரியையும் எழுதிக் கொடுத்து விட்டா போடுகிறீர்கள்? இல்லை. மறைத்துக் கொடுப்பதே சிறப்பு என்று பழகிய சமுதாயம் நாம். அந்த உண்டியல் பணத்தின் மீது 30 சதவீத வரி விழக் கூடிய ஒரு ஷரத்து, 2025 பிப்ரவரி 13 அன்று மக்களவைக்குள் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் அது திருத்தப்பட்டு விட்டது. இடைப்பட்ட ஆறு மாதங்களில் நமது ஜமாஅத்துகளில் எத்தனை பேர் அதைப் பற்றிப் பேசினோம்? வந்ததும் நமக்குத் தெரியாது. போனதும் நமக்குத் தெரியாது! நமக்காக வேறு யாரோ படித்தார்கள், யாரோ எழுதினார்கள், நாம் தப்பித்தோம். இதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

உண்டியலும் ஒரு ஷரத்தும்

விஷயம் இதுதான். 1961-ம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் பழையதாகி விட்டது, திருத்தத்தின் மேல் திருத்தம் போட்டுச் சிக்கலாகி விட்டது, அதைச் சுருக்கி எளிமையாக்குகிறோம் என்று சொல்லி மத்திய அரசு 'வருமான வரி மசோதா 2025'-ஐக் கொண்டு வந்தது. 819 பிரிவுகள் 536 பிரிவுகளாகக் குறைந்தன. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வார்த்தைகள் ஏறத்தாழ இரண்டரை லட்சமாகச் சுருங்கின. நல்ல காரியம்தான். ஆனால் சட்டத்தைச் சுருக்கும்போது ஒரு வார்த்தை விடுபட்டால் கூட அதன் கீழே ஒருவருடைய பாதுகாப்பு நசுங்கி விடும்.

பழைய சட்டத்தில் 115 பிபிசி என்றொரு பிரிவு. 2006-ம் ஆண்டின் நிதிச் சட்டத்தின் மூலம் நுழைந்தது. கொடுத்தவர் பெயரும் முகவரியும் பதிவு செய்யப்படாத நன்கொடைக்கு 'பெயரில்லா நன்கொடை' என்று பெயர். ஓர் அறக்கட்டளைக்கு வரும் மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம் ரூபாய், இதில் எது அதிகமோ அதைத் தாண்டிய பெயரில்லா நன்கொடைக்கு 30 சதவீத வரி என்றது அந்தப் பிரிவு. கறுப்புப் பணத்தை நன்கொடை என்ற பெயரில் உள்ளே விடும் கல்லூரி டிரஸ்டுகளையும் மருத்துவமனை டிரஸ்டுகளையும் தடுப்பதுதான் நோக்கம். கோயில் உண்டியல், பள்ளிவாசல் உண்டியல், சர்ச் காணிக்கைத் தட்டு எல்லாம் இதில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக இரண்டு வகை டிரஸ்டுகளுக்கு விலக்கு அளித்திருந்தார்கள். முழுக்க முழுக்க மார்க்கக் காரியங்களுக்கான டிரஸ்ட் ஒன்று. மார்க்கக் காரியமும் பொது தர்மமும் சேர்ந்து நடத்தும் டிரஸ்ட் மற்றொன்று. (இரண்டாவது வகையில், கல்வி நிலையத்துக்கு அல்லது மருத்துவமனைக்கு என்று குறிப்பிட்டுத் தரப்படும் பெயரில்லா நன்கொடைக்கு மட்டும் விலக்கு கிடையாது.)

2025 பிப்ரவரியில் வந்த மசோதாவின் 337-வது ஷரத்தில் என்ன செய்தார்கள்? முதல் வகைக்கு மட்டும் விலக்கு. இரண்டாவது வகையைக் காணோம்! வேண்டுமென்றே விட்டார்களா, சுருக்கும்போது தவறி விட்டதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. விளைவைப் பாருங்கள்.

நமது ஊர்களில் பள்ளிவாசல் டிரஸ்ட் என்றால் தொழுகை மட்டுமா நடக்கிறது? மக்தப் நடக்கிறது. ஏழை மாணவருக்குப் படிப்புச் செலவு கொடுக்கிறார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார்கள். வெள்ளம் வந்தால் சாதி மதம் பாராமல் சாப்பாடு போடுகிறார்கள். பத்திரத்தில் மார்க்கமும் இருக்கும், பொதுச் சேவையும் இருக்கும். அதாவது இரண்டாவது வகை. வருமான வரித் துறையில் பதிவு செய்த இப்படி ஒரு டிரஸ்டுக்கு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் நன்கொடை வருகிறது, அதில் 12 லட்சம் உண்டியல் வசூல் என்று வைத்துக் கொள்வோம். 5 சதவீதம் என்பது ஒரு லட்சம். அதைக் கழித்து மீதி 11 லட்சத்துக்கு 30 சதவீதம் போடுங்கள். 3 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய்! உங்கள் ஊர் மத்ரஸா உஸ்தாதுகளுக்கு எத்தனை மாதச் சம்பளம் அது என்று முத்தவல்லிகளே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மார்க்கமும் தர்மமும் கலந்த டிரஸ்ட் என்பது நாம் புதிதாகக் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. தாவூதி போரா ஜமாஅத் வழக்கில் 2014-ம் ஆண்டு உச்ச நீதிமன்றமே, ஒரு ஜமாஅத்தின் நோக்கங்கள் மார்க்கமாகவும் பொது தர்மமாகவும் ஒருசேர இருக்க முடியும் என்று ஏற்றுக் கொண்டிருக்கிறது. அப்படி நீதிமன்றம் ஒப்புக் கொண்ட ஒரு வகையைத்தான் மசோதா மறந்திருந்தது.

சபையில் நடந்ததும் அறையில் நடந்ததும்

மசோதா 31 உறுப்பினர் கொண்ட மக்களவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. தலைவர் பா.ஜ.க.வின் பைஜயந்த் பாண்டா. அந்தக் குழு முன்னால் யார் போனார்கள் தெரியுமா? பட்டயக் கணக்காளர் கழகம் போனது. ஃபிக்கி, சி.ஐ.ஐ. போன்ற பெருந்தொழில் அமைப்புகள் போயின. 'அநீதியான சட்டம்' என்று அவர்கள் கோஷம் போடவில்லை. இந்த ஷரத்தில், இந்த உட்பிரிவில், இந்த வார்த்தை தவறு. அதற்குப் பதில் இந்த வார்த்தையைப் போடுங்கள் என்று எழுதிக் கொடுப்பதுதான் அங்கே நடைமுறை. 2025 ஜூலை 21 அன்று குழு அறிக்கை தாக்கல் செய்தது. 4,500 பக்கங்களுக்கு மேல்! 285 பரிந்துரைகள்! கலப்பு டிரஸ்டுகளின் விலக்கைத் திருப்பிக் கொடுங்கள் என்பது அதில் ஒன்று. அறக்கட்டளையின் 'வரவு' முழுவதற்கும் வரி என்று மசோதாவில் இருந்த வார்த்தையை மாற்றி 'வருமானம்' என்றே வையுங்கள் என்பது இன்னொன்று. வரவுக்கும் வருமானத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடை வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சிறு வியாபாரிகளைப் பொறுத்த ஒரு விஷயமும் அதில் இருந்தது. ஒப்பந்த வேலைப் பில்லிலும் கமிஷனிலும் டி.டி.எஸ். பிடிக்கிறார்கள். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால் ரிட்டர்ன் போட்டு அதைத் திரும்பப் பெற வேண்டும். குறித்த தேதிக்குள் ரிட்டர்ன் போட்டால்தான் ரீஃபண்ட் கேட்கலாம் என்றது முதல் மசோதா. வீட்டில் ஒரு மவுத், ஒரு மருத்துவமனைச் செலவு, தேதி தவறி விட்டால் உங்கள் பணம் அரசாங்கத்தோடு போயிற்று! இதையும் குழு நீக்கச் சொன்னது.

பிறகு என்ன? ஆகஸ்ட் 8 அன்று அரசு பழைய மசோதாவை வாபஸ் பெற்றது. ஆகஸ்ட் 11 அன்று திருத்திய மசோதா மக்களவைக்கு வந்தது. அன்றைக்கே நிறைவேறியது. பீகார் வாக்காளர் பட்டியல் விவகாரத்தில் எதிர்க்கட்சிகள் குரல் எழுப்பிக் கொண்டிருக்க, விவாதமே இல்லாமல் குரல் வாக்கெடுப்பு. மறுநாள் மாநிலங்களவை. ஆகஸ்ட் 21 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். அமலாகும் நாள் 2026 ஏப்ரல் 1 என்று குறித்தார்கள்.

கவனியுங்கள் சகோதரர்களே! 536 பிரிவுள்ள சட்டம். நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய சபையில் அதைப் பற்றி ஒரு மணி நேர விவாதம் கூட இல்லை. இது ஜனநாயகத்துக்குப் பெருமை சேர்க்கும் காரியமல்ல, அதைக் கண்டிக்கவே செய்கிறேன். ஆனால் உண்மை என்ன? அந்தச் சட்டத்தின் சண்டை சபையில் நடக்கவில்லை. அதற்கு முன்பே குழு அறையில், காகிதத்தில், ஷரத்து ஷரத்தாக நடந்து முடிந்து விட்டது. அந்த அறைக்குக் காகிதம் அனுப்பியவர்களில் நமது ஜமாஅத்துகள் எத்தனை?

ஆடிட்டர் யாருக்காகப் பேசுகிறார்?

இவ்வளவும் கேட்டு விட்டு, ஆடிட்டர்கள் எல்லாம் நமது காவலர்கள், அவர்கள் பார்த்துக் கொள்வார்கள் என்று நினைத்து விடாதீர்கள். வரி நிபுணருக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று, சட்டத்தின் வார்த்தை எங்கே ஒருவரை அநியாயமாகக் குத்துகிறது என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். தினமும் அந்தக் கல்லில் கால் இடிக்கிறவர் அவர். மற்றொன்று, அவருக்கும் வாடிக்கையாளர் உண்டு. பெரிய கம்பெனியின் கணக்கைப் பார்ப்பவர் பெரிய கம்பெனியின் வலியைத்தான் முதலில் எழுதுவார். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கூலி வாங்கியவர் வேலை செய்கிறார். சட்டம் சிக்கலாக இருந்தால் அவருக்கு வருமானம் என்றும் சிலர் கேலி பேசுவார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். மசோதாவில் தவறு காட்டி, சட்டத்தைத் தெளிவாக்கச் சொன்னவர்களும் அதே ஆடிட்டர்கள்தானே!

ஆனால் எது திருந்தவில்லை என்பதையும் பாருங்கள். வருமான வரிச் சோதனையின்போது உங்கள் மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்கு, கணினிச் சேமிப்பு எல்லாவற்றையும் கடவுச்சொல்லைத் தாண்டியும் திறந்து பார்க்கும் அதிகாரம் மசோதாவின் 247-வது ஷரத்தில் இருந்தது. பழைய சட்டத்திலேயே இந்த அதிகாரம் உண்டு, சோதனை நடக்கும் இடத்தில் மட்டும்தான் என்று அரசு விளக்கம் சொன்னது. நிபுணர்கள் பலர் அந்தரங்க உரிமை பற்றிக் கவலை தெரிவித்தார்கள். அது மாறவில்லை, அப்படியே சட்டமாகி விட்டது. உண்டியல் ஷரத்து திருந்தியது, செல்போன் ஷரத்து திருந்தவில்லை. ஏன்? உள்ளதைச் சொல்வதானால், உண்டியல் ஷரத்து நம்மை மட்டும் பாதிக்கவில்லை. ஆசிரமங்களையும் கோயில் டிரஸ்டுகளையும் சர்ச்சுகளையும் குருத்வாராக்களையும் சேர்த்துப் பாதித்தது. அதைத் திருத்துவதில் ஆளுங்கட்சிக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அதிகாரத்தை விட்டுக் கொடுப்பது அப்படியல்ல.

'லாபி' என்கிற வார்த்தை

அரசாங்கத்திடம் காரியம் சாதிக்கப் போவதை 'லாபி' என்கிறார்கள். நம் ஊரில் அது கெட்ட வார்த்தை. அதற்குக் காரணமும் உண்டு. அமெரிக்காவில் லாபி செய்பவர் யாருக்காக, எதற்காக, எவ்வளவு செலவில் செய்கிறார் என்று பதிவு செய்ய வேண்டும். 1995-ல் அதற்கு விரிவான சட்டம் போட்டார்கள். இந்தியாவில் அப்படிப் பதிவேடே கிடையாது. 2012 டிசம்பரில் நமது நாடாளுமன்றம் ஒரு விஷயத்தில் அமளிப்பட்டது நினைவிருக்கிறதா? சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு பேசப்பட்ட காலம். வால்மார்ட் நிறுவனம் தனது நாட்டில் தாக்கல் செய்த லாபிச் செலவுக் கணக்கில், பல விஷயங்களோடு இந்தியச் சந்தையில் நுழைவதும் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது. நமது சில்லறை வியாபாரியின் பிழைப்பைப் பற்றி நடந்த பேச்சு, வாஷிங்டன் காகிதத்திலிருந்துதான் நமக்குத் தெரிய வந்தது! விசாரணைக்கு ஒரு முன்னாள் நீதிபதியை நியமித்தார்கள். அதன் பிறகும் இங்கே லாபிக்குப் பதிவேடு வரவில்லை.

மறைவில் பணத்தோடு நடந்தால் அது லஞ்சத்தின் தம்பி. கையெழுத்துப் போட்டு, பெயர் போட்டு, பகிரங்கமாக மனு கொடுத்தால் அது குடிமகனின் உரிமை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து நாம் இரண்டாவதையும் விட்டு விட்டோம். பெரிய கம்பெனிகளோ இரண்டையும் விடவில்லை.

நமது வியாபாரிகள் எப்போது விழிக்கிறார்கள் என்பதற்கு 43பி (எச்) ஒன்று போதும். சிறு, குறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால் 15 நாளுக்குள், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறி மார்ச் 31-ஐத் தாண்டினால் அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது, வரி கட்ட வேண்டும். பணம் கொடுக்கும் ஆண்டில்தான் கழிக்கலாம். சிறு பட்டறைக்காரருக்குச் சீக்கிரம் பணம் வர வேண்டும் என்ற நல்ல நோக்கம். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஜாப் ஒர்க் செய்யும் நமது சகோதரருக்கு இது பாதுகாப்பு. அவரிடம் வேலை வாங்கி மூன்று மாதக் கடன் சொல்லும் நமது இன்னொரு சகோதரருக்கு இது தலைவலி. இரண்டு பேரும் ஒரே ஸப்பில் தொழுகிறார்கள்! (மொத்த வியாபாரியிடம் வாங்கினால் இது பொருந்தாது, உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் மட்டும்தான்.)

இந்த ஷரத்து 2023 பிப்ரவரி 1 பட்ஜெட்டிலேயே அச்சில் வந்து விட்டது. ஆடிட்டர்களுக்கு அன்றே தெரியும். ஆனால் நாடு முழுக்க வியாபாரிகள் சத்தம் போட்டது எப்போது? 2024 ஜனவரி, பிப்ரவரியில், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்தில்! ஓராண்டு தள்ளி வையுங்கள் என்று அகில இந்திய வணிகர் அமைப்பே கேட்டது. தள்ளி வைக்கவில்லை. மசோதாவாக இருந்தபோது ஒரு பக்கக் காகிதத்தில் கேட்டிருக்க வேண்டியதை, சட்டமான பிறகு டெல்லிக்கு ரயில் ஏறிக் கேட்டால் கிடைக்குமா?

பகிரங்கமாகப் பேசுவதற்கும் விலை உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. 2024 செப்டம்பரில் கோவையில் ஓர் உணவக உரிமையாளர், பன்னுக்கு வரி இல்லை, அதில் கிரீம் வைத்தால் 18 சதவீதமா என்று நிதியமைச்சரிடமே சபை சிரிக்கக் கேட்டார். நியாயமான கேள்வி. பிறகு அவர் அமைச்சரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்கும் காணொளி வெளியாகித் தமிழகமே கொதித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பேக்கரிப் பண்டங்களின் வரி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. இவர் கேட்டதால்தான் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. மைக்கில் கேட்டவர் முகம் எல்லோருக்கும் தெரிந்து விடுகிறது. காகிதத்தில் கேட்கும் சங்கத்தின் முகத்தை யாரும் தேடுவதில்லை.

ஒரு தம்பியின் கேள்வி

'மவ்லானா, வக்ஃப் மசோதாவுக்கு எதிராக நாம் எழுதவில்லையா? என்ன நடந்தது?' என்று இங்கே அமர்ந்திருக்கும் தம்பிகளில் ஒருவராவது மனதுக்குள் கேட்டுக் கொண்டிருப்பார். கேட்க வேண்டிய கேள்விதான். கூட்டுக் குழுவுக்கு ஆதரவும் எதிர்ப்புமாக 97 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் போயின. எதிர்க்கட்சி உறுப்பினர்களின் திருத்தங்கள் அனைத்தும் குழுவில் தோற்கடிக்கப்பட்டன. 2025 ஏப்ரலில் அது சட்டமாகி விட்டது. ஆளுவோர் அரசியல் முடிவு எடுத்து விட்ட இடத்தில் காகிதம் மட்டும் அவர்களை அசைக்காது. இதை ஒப்புக் கொள்கிறேன். அங்கே வீதியும் வேண்டும், ஓட்டும் வேண்டும், வழக்கும் வேண்டும்.

ஆனால் வழக்கில் என்ன நடந்தது? 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. முழுச் சட்டத்தையும் நிறுத்தவில்லை. ஐந்தாண்டு முஸ்லிமாக வாழ்ந்திருந்தால்தான் வக்ஃப் செய்யலாம் என்ற நிபந்தனையை நிறுத்தியது. அரசு அதிகாரி விசாரித்து வருவாய்ப் பதிவேட்டை மாற்றும் அதிகாரத்தை நிறுத்தியது. ஷரத்து ஷரத்தாகத்தான் பார்த்தார்கள். அங்கேயும் ஷரத்தைப் படித்த வழக்கறிஞர்தான் தேவைப்பட்டார்.

இன்னொரு வருத்தம். வக்ஃப் மசோதாவுக்குக் கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுத்தபோது ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுதச் சொன்னார்கள். நமது ஊர் முத்தவல்லி தமிழில் எழுதினால் அது கருத்து இல்லையா? இதை நமது எம்.பி.க்கள் சபையில் கேட்க வேண்டும். கேட்கும் வரை ஆங்கிலம் தெரிந்த நமது பிள்ளைகள் சும்மா இருக்கக் கூடாது. பி.காம். படித்த, சி.ஏ. படிக்கும் தம்பிகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களை நாம் எதற்கு அழைக்கிறோம்? கந்தூரிக் கணக்கு எழுத!

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் 2:282 வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பது உங்களுக்குத் தெரியும். எழுதும் விஷயத்தில் இத்தனை வலியுறுத்தப்பட்ட சமுதாயத்தின் டிரஸ்ட் கணக்குகள் சில ஊர்களில் எப்படி இருக்கின்றன என்று நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

ஆகவே சில வேலைகள். உண்டியலுக்கு விலக்கு இருக்கிறது என்று சும்மா இருந்து விடாதீர்கள். கையில் பெறும் நன்கொடைக்கு ரசீது போடும்போது பெயரும் முகவரியும் எழுதுங்கள். 'ஓர் இஸ்லாமியச் சகோதரர்' என்று எழுதினால் அது சட்டப்படி பெயரில்லா நன்கொடை. மறைத்துக் கொடுக்க விரும்பும் செல்வந்தரிடம், பெயர் ரசீதுப் புத்தகத்தில் மட்டும் இருக்கும், மைக்கில் வராது என்று சொல்லிப் பெயரை வாங்குங்கள். பள்ளிக்கூடத்துக்கு, மருத்துவமனைக்கு என்று குறிப்பிட்டு வரும் பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள். அதற்கு விலக்கு கிடையாது என்று முன்பே சொன்னேன். உண்டியல் திறக்கும்போது இரண்டு பேர் கையெழுத்தோடு எண்ணுங்கள்.

டிரஸ்ட் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதியதை இன்று வரை திறக்காத ஊர்கள் உண்டு. பிப்ரவரி பட்ஜெட் வந்த முதல் வாரத்தில் உங்கள் ஊர் ஆடிட்டரை, அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் சரி, ஒரு மாலை அழைத்து, டிரஸ்டையும் சிறு வியாபாரிகளையும் எது பாதிக்கிறது என்று கேளுங்கள். அதை ஒரு பக்கத்தில் எழுதி வாங்கி, தொகுதி எம்.பி.க்கும் வணிகர் சங்கத்துக்கும் நமது தலைமைக்கும் அனுப்புங்கள். அவருடைய நேரத்துக்குக் கட்டணம் கொடுங்கள். ஜமாஅத் வேலைதானே, சும்மா செய்து கொடுங்கள் என்று கேட்காதீர்கள்.

பத்திர நகல் கொண்டு வந்திருக்கும் நிர்வாகிகள் மட்டும் கூட்டம் முடிந்ததும் மாடிக்கு வாருங்கள். இரண்டு ஆடிட்டர்கள் வந்திருக்கிறார்கள். இஷா வரை இருப்பார்கள்.